சாட்டிலைட் பாத்து தண்ணி விடச் சொல்ற ஆப், ரெண்டு சீசன் மக்காச்சோளத்துக்கு யூஸ் பண்ணின அனுபவம்

ரெண்டு சீசன் முழுசா ஓட்டிப் பாத்துட்டுத்தான் எழுதறேன். நாலு ஏக்கர், முழுக்க சொட்டு நீர், ரெண்டு தடவையும் மக்காச்சோளம். சர்வீஸோட பேரைப் போடல, ஏன்னா இந்த மாதிரி ஆப் எதை எடுத்தாலும் அடியில ஓடறது பெரும்பாலும் அதே ஐரோப்பிய சென்டினலும் அமெரிக்க லேண்ட்சாட்டும்தான், அதனால நான் பட்டதும் கத்துக்கிட்டதும் எந்த ஆப் வச்சிருக்கறவங்களுக்கும் பொருந்தும். எனக்கு இது பிடிச்சிருக்கு, மூணாவது சீசனுக்கும் போட்டுட்டேன். ஆனா முதல் சீசன்ல கிட்டத்தட்ட பயிரை வாட விட்டுட்டேன், அதுக்குக் காரணம் சாட்டிலைட் இல்ல, அது எதைப் பாக்குது எதைப் பாக்கலன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. அதை எழுதத்தான் உக்காந்தேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ஆப் வேலை செய்யற விதம் சிம்பிள். மேப்ல நம்ம நிலத்தோட எல்லையை விரலால வரையணும், என்ன பயிர், என்னிக்கு விதைச்சோம், மண்ணு எப்படி, சொட்டு நீரா வாய்க்காலான்னு கேக்கும். அதுக்கப்புறம் சில நாளைக்கு ஒரு தடவை பச்சை மஞ்சள் சிவப்புல நிலத்தோட படம் வரும், தினமும் காலையில ஒரு மெசேஜ் வரும். "நேத்து உங்க பயிர் எடுத்துக்கிட்டது 5.4 மிமீ, இன்னிக்கு தேவையில்ல, நாளைக்கு 11 மிமீ" இப்படி.

எல்லை வரையறதுலயே நான் முதல் தப்பு பண்ணினேன். வரப்போரத்துல வரிசையா மரம் நிக்குது, அதையும் சேத்து வளைச்சு வரைஞ்சுட்டேன். சென்டினல்-2 படத்துல ஒரு புள்ளிங்கறது தரையில 10 மீட்டருக்கு 10 மீட்டர், அப்படின்னா ஒரு ஏக்கருக்கு நாப்பது புள்ளிதான் வரும். ஓரத்துல இருக்கற புள்ளியில பாதி மரம் பாதி பயிர்னு கலந்துடும், மரம் எப்பவும் பச்சையா இருக்கறதால நம்ம பயிர் முளைக்கறதுக்கு முன்னாடியே நிலம் பச்சைன்னு காட்டுச்சு. எல்லையை எல்லாப் பக்கமும் ஒரு பத்து மீட்டர் உள்ள தள்ளி திருப்பி வரைஞ்ச பிறகுதான் நம்பர் நம்பற மாதிரி வந்துச்சு. சின்ன நிலம் வச்சிருக்கறவங்க இதை முதல் நாளே செய்யணும், அரை ஏக்கர் கால் ஏக்கர் துண்டா இருந்தா உள்ள தள்ளினப்புறம் மிஞ்சறது கைவிரல் எண்ணிக்கையில புள்ளிதான், அதை வச்சு சொல்ற அட்வைஸை அந்த அளவுக்குத்தான் எடுத்துக்கணும்.

எங்க அப்பா முதல் நாளே கேட்டார், "அத்தனை உசரத்துல இருக்கறதுக்கு நம்ம மண்ணுல ஈரம் இருக்கா இல்லையான்னு எப்படிடா தெரியும்?" நான் அன்னிக்கு ஏதோ பூசி மெழுகினேன், ஆனா அந்தக் கேள்விதான் சரியான கேள்வி, பதில் என்னன்னா தெரியாது. சென்டினல்-2 கிட்டத்தட்ட 786 கிமீ உசரத்துல சுத்துது, அதுக்கு தெரியறது இலை மேல பட்டு திரும்பி வர்ற வெளிச்சம் மட்டும்தான். பச்சை இலை சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சிக்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை திருப்பி அடிக்கும். அகச்சிவப்புல இருந்து சிவப்பைக் கழிச்சு ரெண்டோட கூட்டுத் தொகையால வகுத்தா வர்ற நம்பர்தான் என்டிவிஐ. வெறும் மண்ணுக்கு 0.1, 0.2 கிட்ட இருக்கும், நல்லா மூடின பயிருக்கு 0.8க்கு மேல போகும். அதுல இருந்து பயிர் எவ்வளவு தரையை மூடியிருக்குன்னு கணிச்சு ஒரு பெருக்கு எண் எடுக்கறாங்க. அன்னிக்கு வெயில், காத்து, ஈரப்பதம், வெப்பம் எல்லாத்தையும் வச்சு ஒரு சீரான புல்தரை எவ்வளவு தண்ணி ஆவியாக்கும்னு இன்னொரு நம்பர் எடுக்கறாங்க. ரெண்டையும் பெருக்கினா நம்ம பயிரோட அன்னிக்கு செலவு. இந்த முறையை ஐநாவோட உணவு விவசாய அமைப்பு 1998ல 56ஆம் நம்பர் கையேடா போட்டாங்க, உலகம் பூரா அதைத்தான் ஃபாலோ பண்றாங்க. மக்காச்சோளத்துக்கு அதுல சின்னச் செடியா இருக்கும்போது 0.3, முழுசா வளந்து பூ எடுக்கும்போது 1.2. அதாவது புல்தரை ஒரு நாளைக்கு 5 மிமீ குடிக்கற வெயில்ல பூ எடுக்கற மக்காச்சோளம் 6 மிமீ குடிக்கும், நாத்து 1.5 மிமீதான் குடிக்கும்.

இங்கதான் முக்கியமான விஷயம் இருக்கு. ஆப் பாக்கறது செலவு கணக்கு. வரவு, அதாவது நாம விட்ட தண்ணி, அதுக்குத் தெரியாது, நாமதான் எழுதணும். மண்ணுக்குள்ள இருப்பு எவ்வளவுங்கறதும் அதுக்குத் தெரியாது, நாம குடுத்த மண் வகையை வச்சு அதுவா ஒரு இருப்பை வச்சுக்குது. மூணுல ஒண்ணைத்தான் சாட்டிலைட் அளக்குது, மத்த ரெண்டும் நம்ம கையில. இதை ஆப்ல எங்கயும் பெரிய எழுத்துல போடல, போட்டிருந்தா எனக்கு அந்த முதல் சீசன் அடி விழுந்திருக்காது.

நல்லது நடந்ததை முதல்ல சொல்றேன். முதல் சீசன் விதைச்சு முப்பத்தஞ்சு நாள் இருக்கும், படத்துல கிழக்கு ஓரமா ரெண்டு புள்ளி அகலத்துக்கு ஒரு மஞ்சள் பட்டை தெரிஞ்சுது. மத்த இடமெல்லாம் 0.68, அந்தப் பட்டையில மட்டும் 0.52. போய் நின்னு பாத்தா கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல, எல்லாம் பச்சையாத்தான் நிக்குது, படம்தான் தப்புன்னு திரும்பி வந்துட்டேன். அஞ்சு நாள் கழிச்சு அடுத்த படத்துலயும் அதே பட்டை. திரும்ப போய் இந்த தடவை லேட்டரல், அதாவது வரிசைக்கு வரிசை ஓடற சொட்டு நீர் குழாய், அதோட கடைசியில இருக்கற எண்ட் கேப்பை ஒண்ணு கழட்டினேன். அரை நிமிஷத்துக்கு காப்பித்தூள் கரைச்ச மாதிரி தண்ணி வந்துச்சு, அப்புறம்தான் தெளிஞ்சுது. தண்ணி சொட்டற டிரிப்பர் வாயில வெள்ளையா உப்பு கட்டியிருந்துச்சு, நகத்தால சுரண்டினா பொடியா உதிருது. அந்த வரிசையில பதினஞ்சு லேட்டரலும் அதே கதை. நாம பக்கவாட்டுல நின்னு பாக்கும்போது இலை மேல இலை மறைச்சு எல்லாம் அடர்த்தியா தெரியும், மேல இருந்து பாக்கறதுக்குத்தான் வரிசைக்கு நடுவுல மண்ணு தெரியற வித்தியாசம் பிடிபடும். உப்பு கரைய ஆசிட் ட்ரீட்மென்ட் குடுத்து, எல்லா லைனையும் ஃப்ளஷ் பண்ணி விட்டதுக்கப்புறம் மூணாவது படத்துல பட்டை மங்க ஆரம்பிச்சுது. அந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த சர்வீஸுக்கு நான் நன்றி சொல்லணும், கண்ணால பாத்து கண்டுபிடிச்சிருந்தா கதிர் பிடிக்கற நேரம் ஆயிருக்கும்.

அதோட இன்னொண்ணும் பிடிபட்டுச்சு. ஆப் மில்லிமீட்டர்ல சொல்லுது, நாம மோட்டாரை மணியில ஓட்டறோம், நடுவுல யாரு கணக்கு போடறது? ஒரு மிமீன்னா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், ஒரு ஏக்கருக்கு 4,047 லிட்டர். என் லேட்டரல் இடைவெளி 1.2 மீட்டர், டிரிப்பர் 40 செமீக்கு ஒண்ணு, மணிக்கு 2 லிட்டர் விடும்னு கம்பெனி எழுதியிருக்கு. அந்தக் கணக்குல மணிக்கு 4.17 மிமீ விழணும், 6 மிமீக்கு 86 நிமிஷம் போதும், ஆப்பும் அதைத்தான் சொல்லிச்சு. சந்தேகத்துல பன்னெண்டு கப்பு எடுத்துட்டு போய் அங்கங்க டிரிப்பருக்கு கீழ குழி பறிச்சு வச்சு சரியா பதினஞ்சு நிமிஷம் ஓட விட்டேன். ஒவ்வொண்ணுலயும் 500 மில்லி இருக்கணும். ஆரம்பத்துல இருக்கற கப்புல 490 வரைக்கும் இருந்துச்சு, கடைசி லேட்டரல்கள்ல 300ஐ தாண்டல, சராசரி 380. அப்படின்னா மணிக்கு 3.17 மிமீதான், 6 மிமீக்கு 114 நிமிஷம் ஓட்டணும். ஒரு மாசமா ஆப் சொன்னபடி கரெக்டா விடறோம்னு நெனச்சுட்டு தேவையில கால்வாசி குறைச்சு விட்டுட்டு இருந்திருக்கேன். செட்டிங்ல டிரிப்பர் அளவை நாமளே மாத்தற வசதி இருக்கு, அது ரொம்ப உள்ள ஒளிஞ்சிருக்கு, தேடி மாத்துங்க. கப்பு வச்சு அளக்காம யாரும் இந்த மாதிரி ஆப்பை யூஸ் பண்ணாதீங்க, இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

இப்ப அடி விழுந்த கதை. பயிர் முழங்கால் உசரம் வந்த சமயம் மேகம் மூட ஆரம்பிச்சுது. பெரிசா மழை இல்ல, சும்மா மூடிட்டே இருக்கு. சென்டினல்-2 முதல்ல 2015ல ஒண்ணு, 2017ல இன்னொண்ணு மேல போச்சு, 2024ல போன மூணாவது முதலாவதோட இடத்தைப் பிடிச்சுக்கிச்சு, ஜோடியா சேந்து அஞ்சு நாளைக்கு ஒரு தடவை அதே இடத்தைப் பாக்கும், லேண்ட்சாட் 8ம் 9ம் சேந்து எட்டு நாளைக்கு ஒரு தடவை. ஆனா மேகம் இருந்தா ரெண்டுக்கும் கீழ ஒண்ணும் தெரியாது. பதினேழு நாள் ஒரு நல்ல படம் கூட வரல. அந்தப் பதினேழு நாள்ல முழங்கால் உசரப் பயிர் நெஞ்சு உசரம் வந்துடுச்சு, ஆப்ல மட்டும் பழைய படத்துல எடுத்த பெருக்கு எண் 0.6 அப்படியே உக்காந்திருக்கு. புல்தரை கணக்கு 4 மிமீன்னா ஆப் 2.4 மிமீன்னு சொல்லுது, நெஞ்சு உசரப் பயிரோட உண்மையான செலவு அப்ப 4.4 கிட்ட. தினமும் காலையில அதே தெம்போட மெசேஜ் வருது, இது பதினேழு நாள் பழைய படம்னு ஒரு வார்த்தை இல்ல. படத்தோட தேதி இன்னொரு ஸ்கிரீன்ல சின்ன எழுத்துல இருந்துச்சு, நான் அதைப் பாக்கவே இல்ல.

மேகம் கலைஞ்சு பளிச்சுனு வெயில் அடிச்ச ரெண்டாவது நாள் மதியம் பயிருக்குள்ள போனா இலையெல்லாம் குழல் மாதிரி சுருட்டிக்கிட்டு நிக்குது. ஆண் பூ எட்டிப் பாக்கற நேரம். மக்காச்சோளத்துக்கு தண்ணி குறையவே கூடாத நேரம்னா அதுதான், ஆண் பூ விரிஞ்சு பட்டு நூல் வெளிய வர்ற அந்த சில நாள், அப்ப வாடினா மகரந்தம் சரியா சேராது, கதிர்ல பல்லு விழுந்த மாதிரி மணி இல்லாம போயிடும். ஆப்பைத் திறந்து பாத்தா "இன்னும் எட்டு நாள் தாங்கும்"னு இருக்கு. எனக்கு கை நடுங்கிடுச்சு. மோட்டாரைப் போட்டு விட்டுட்டு அப்புறம்தான் யோசிச்சேன், சரி கணக்கு கொஞ்சம் குறைஞ்சிருக்கும், ஆனா எட்டு நாள் எப்படி தப்பும்?

அப்பாதான் குழி எடுத்துப் பாக்கலாம்னு சொன்னார். வரிசைக்கு நடுவுல மண்வெட்டியால வெட்டினோம், ஒரு முழம் இறங்கறதுக்குள்ள மண்வெட்டி டங்குன்னு நின்னுச்சு. 45 செமீ ஆழத்துல இறுகிப் போன ஒரு அடுக்கு, வருஷக்கணக்கா டிராக்டர் ஓடி அமுங்கினது. வேர் அதுவரைக்கும் இறங்கி வந்து அங்க முட்டி எல்லாம் பக்கவாட்டுல திரும்பி ஓடியிருக்கு, கையில எடுத்து பாத்தா பாய் பின்னின மாதிரி இருந்துச்சு. ஆப் என்ன வச்சிருக்குன்னு செட்டிங்ல போய் பாத்தா வேர் ஆழம் 1 மீட்டர். புத்தகக் கணக்குல அது தப்பே இல்ல, கையேட்டுல மக்காச்சோளத்துக்கு 1 மீட்டருக்கு மேலதான் போட்டிருக்காங்க. ஆனா என் மண்ணுல அது நடக்கல. ஒரு மீட்டர் மண்ணுல பயிர் எடுக்கக் கூடிய தண்ணி 130 மிமீன்னு வச்சு அதுல 55 சதவீதம் காலி ஆகற வரைக்கும் பயிர் வாடாதுன்னு கணக்கு, அது 71 மிமீ, நாளைக்கு 6 மிமீ செலவானா பன்னெண்டு நாள் தாங்கும். 45 செமீன்னா அதே கணக்கு 32 மிமீதான், அஞ்சு நாள். ஆப் பன்னெண்டு நாள் இருப்பு வச்சிருக்கறதா நெனச்சுட்டு இருந்துச்சு, என் பயிர்கிட்ட இருந்தது அஞ்சு நாள் இருப்பு. அன்னிக்கே 45ன்னு மாத்தினேன், மெசேஜ் மொத்தமா மாறிடுச்சு, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடின்னு சொல்ல ஆரம்பிச்சுது. பயிர் தப்பிச்சுது, ஆனா மேடான பக்கத்துல சில வரிசையில கதிர் நுனி வரைக்கும் மணி பிடிக்கல, அறுவடையில உரிச்சுப் பாக்கும்போது ஒவ்வொண்ணா தெரிஞ்சுது.

இதுல சாட்டிலைட்டைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. அது பாக்க முடிஞ்சதை சரியாத்தான் பாத்துச்சு. குறை, பாக்க முடியாத நாள்ல பாத்த மாதிரியே பேசினதுல. சப்போர்ட்டுக்கு எழுதினேன், மூணு நாள் கழிச்சு ஒரு பொண்ணு போன் பண்ணி பொறுமையா கேட்டுக்கிட்டாங்க, கணக்கெல்லாம் போட்டு காட்டினேன், குறிச்சுக்கிட்டாங்க. ரெண்டாவது சீசன் அப்டேட்ல மேகம் இருக்கற நாள்ல ரேடார் படத்தை வச்சு நிரப்ப ஆரம்பிச்சுட்டாங்க. சென்டினல்-1ங்கற சாட்டிலைட் வெளிச்சத்தை நம்பாம தானே அலையை அனுப்பி திரும்பி வர்றதைப் பிடிக்கும், மேகம் ராத்திரி எதுவும் தடை இல்ல. ஆனா அதோட அலை நீளம் ஒரு அஞ்சரை செமீதான், பயிர் நல்லா மூடிட்டா இலையிலயே பட்டு திரும்பிடும், வெறும் மண்ணா இருந்தாலும் மேல் சில செமீ ஈரம்தான் தெரியும், வேர் பக்கம் என்னன்னு தெரியாது. பயிர் வளந்துட்டு இருக்கா இல்லையாங்கறதுக்கு அது போதும். 2025 ஜூலையில நாசாவும் இஸ்ரோவும் சேந்து விட்ட நிசார் சாட்டிலைட்ல 24 செமீ அலை இருக்கு, அது இலைக்குள்ள இன்னும் இறங்கும், பன்னெண்டு நாளைக்கு ஒரு தடவை அதே இடத்துக்கு வரும். இந்த ஆப்காரங்க அதைச் சேத்தா முதல் ஆளா நான்தான் டெஸ்ட் பண்ணுவேன்.

ஆப்ல "மண் ஈரம்"னு ஒரு டேப் இருக்கு, அதை நம்பாதீங்க, இதை அழுத்திச் சொல்றேன். நாசாவோட ஸ்மாப் சாட்டிலைட் 2015 ஜனவரியில போச்சு, அதுல இருந்த ரேடார் அதே வருஷம் ஜூலையிலயே செயலிழந்துடுச்சு, மிச்சம் இருக்கற கருவி நல்லாத்தான் வேலை செய்யுது ஆனா அதுக்கு ஒரு புள்ளிங்கறது முப்பது நாப்பது கிமீ. ஒரு மாவட்டத்துல வறட்சி வருதான்னு பாக்க அது அருமையான கருவி. ஆனா என் நாலு ஏக்கருக்கு அதை வழவழன்னு கலர் அடிச்சு இந்த மூலை ஈரம் அந்த மூலை காஞ்சிருக்குன்னு காட்டறது சரியே இல்ல. எங்க ஊர் முழுக்க, பக்கத்து ஊர் குளம் உட்பட எல்லாம் சேத்து ஒரே நம்பர் அது.

"வாட்டம்"னு இன்னொரு மேப் இருக்கு, அது வேற ரகம், அதை மதிக்கறேன். பயிருக்கு தண்ணி போதும்னா இலைத் துளை திறந்திருக்கும், ஆவி வெளிய போகும், இலை குளுந்து இருக்கும், நமக்கு வேர்வை ஆறினா குளுகுளுன்னு இருக்கற மாதிரி. தண்ணி குறைஞ்சா துளையை மூடிக்கும், இலை சூடாகும். லேண்ட்சாட் அந்தச் சூட்டை மேல இருந்து அளக்குது. என்டிவிஐல வாட்டம் தெரியறதுக்குள்ள இலை ஏற்கனவே கெட்டுப் போயிருக்கும், சூடு அதுக்கு முன்னாடியே காட்டிக் குடுக்கும். இந்தச் சூட்டை வச்சே ஆவியாகற தண்ணியை நேரா கணக்கு போடற முறைகள் பல இருக்கு, அமெரிக்காவுல 2021ல ஆரம்பிச்ச ஓப்பன்இடிங்கற சர்வீஸ்ல, பெரும்பாலும் இப்படிச் சூட்டை வச்சு கணக்கு போடற ஆறு முறையில தனித்தனியா கணக்கு போட்டு சேத்து எல்லாருக்கும் திறந்து வச்சிருக்காங்க, பாக்கவே ஆசையா இருக்கும். ஆனா லேண்ட்சாட்டோட வெப்பப் புள்ளி உண்மையில 100 மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர், ரெண்டரை ஏக்கர். என் நிலத்துக்கு ரெண்டு புள்ளி கூட முழுசா தேறாது. ஆப் அதை மத்த படத்தோட சேத்து கூர்மையாக்கி காட்டுது, பெரிய பண்ணைக்கு நல்லா இருக்கும், சின்ன நிலத்துக்கு மொத்தமா சூடா குளுமையான்னு மட்டும் எடுத்துக்கணும். தவிர லேண்ட்சாட்டும் சென்டினல்-2ம் காலை பத்து பத்தரைக்கு நம்ம தலைக்கு மேல போறது, மதியம் ரெண்டு மணிக்கு சுருட்டற இலை அப்ப விரிஞ்சுதான் இருக்கும்.

மழை விஷயத்துல ஆப் சுமார். வானிலை மாடல்ல இருந்து எடுத்துக்குது போல, ஒரு நாள் 14 மிமீ பெஞ்சதா எழுதி அதுவே வரவுல சேத்துக்கிச்சு, என் மழைமானியில 2 மிமீதான். பக்கத்துல எங்கயோ கொட்டியிருக்கும். அதுல இருந்து மழை பெஞ்சா கையாலதான் எழுதறேன், அந்த வசதி முகப்புலயே இருக்கு, அதுக்குப் பாராட்டு. மெசேஜ் தமிழ்ல வருது, புரியற தமிழ்தான், ஆனா காலையில ஏழரைக்கு வருது, நாங்க அஞ்சரைக்கே மோட்டார் போட்டுடுவோம், முந்தின நாள் சாயந்திரமே அனுப்பினா உபயோகமா இருக்கும். நெட் இல்லாத இடத்துல படம் திறக்க மாட்டேங்குது, நிலத்துல நின்னு பாக்கணும்னா வீட்டுல இருந்தே ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு போறேன்.

ரெண்டாவது சீசன் எப்படின்னா, மோட்டார் ஓடின மணியை நோட்டுல எழுதி வச்சிருக்கேன், ஆப் இல்லாத சீசனோட பாத்தா ஆறுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு. மழை கொஞ்சம் கூடுதல்தான், அதனால முழுப் பேரையும் ஆப்புக்கு குடுக்க மாட்டேன். ஆனா எந்த நாள்ல குறைஞ்சுதுன்னு பாத்தப்பதான் எனக்கு உறைச்சுது. முன்னாடி நாங்க விதைச்ச நாள்ல இருந்து அறுவடை வரைக்கும் தினமும் ஒரே அளவு விட்டுட்டு இருந்தோம். நாத்துக்கு 1.5 மிமீ போதுங்கற இடத்துல ரெண்டு மடங்குக்கு மேல விட்டு அதோட போட்ட உரத்தையும் கீழ கழுவி விட்டிருக்கோம், பூ எடுக்கற நேரம் 6 மிமீ கேக்கற இடத்துல பத்தாம விட்டிருக்கோம். ரெண்டாவது சீசன்ல ஆரம்பத்துல மிச்சம் பண்ணினதுல பாதி, பூ எடுக்கற நேரத்துக்கு போச்சு. கதிர் நுனி வரைக்கும் மணி பிடிச்சுது, மேட்டுப் பக்கமும் சேத்து. கிணறு அந்த சமயத்துல எப்பவும் கலங்கி நிக்கும், இந்த தடவை மோட்டார் ஒரு நாள் கூட காத்து இழுக்கல.

யாருக்கு சரிப்படும்னு கேட்டா, ஒரே பயிரா ரெண்டு மூணு ஏக்கராவது சேந்தாப்ல இருக்கணும், தண்ணியை அளந்து விட வழி இருக்கணும். ஊடுபயிர் போட்டவங்களுக்கும், மரத்தடி நிழல்ல காய்கறி வச்சிருக்கறவங்களுக்கும் இப்போதைக்கு வேண்டாம், ரெண்டு பயிரும் களையும் எல்லாமே சாட்டிலைட்டுக்கு ஒரே பச்சைதான். காசு குடுக்கறதுக்கு முன்னாடி பழகிப் பாக்கணும்னா சென்டினல் படங்களை கோப்பர்நிக்கஸ் பிரவுசர்ங்கற வெப்சைட்ல யார் வேணா இலவசமா பாக்கலாம், போன சீசன்ல உங்க நிலத்துல எங்க பட்டை விழுந்துச்சுன்னு பின்னாடி போயே பாக்கலாம். லேண்ட்சாட் படமும் 2008ல இருந்து எல்லாருக்கும் இலவசம். சர்வீஸுக்கு நாம குடுக்கறது கணக்கு போட்டு தினமும் சொல்றதுக்குத்தான்.

அவங்ககிட்ட நான் கேட்டு இன்னும் வராதது ஒண்ணுதான், தினசரி மெசேஜ்லயே படம் எத்தனை நாள் பழசுன்னு போடணும். எழுதி எழுதி கேட்டுட்டு இருக்கேன், நீங்களும் யூஸ் பண்றவங்களா இருந்தா கேளுங்க, பத்து பேர் கேட்டா செய்வாங்க.

இந்த சீசன் விதைச்சு ஒன்பது நாள் ஆச்சு. எல்லை உள்ள தள்ளி வரைஞ்சாச்சு, கப்பு வச்சு அளந்தாச்சு, இந்த தடவை சராசரி 470 மில்லி வந்துச்சு. முந்தாநாள் முதல் நல்ல படம், என்டிவிஐ 0.19, இன்னும் மண்ணுதான் தெரியுது. ஆப் 2 மிமீ போதும்னு சொல்லுது. அப்பா இரும்புக் கம்பியை எடுத்துட்டு எத்தனை ஆழம் இறங்குதுன்னு குத்திப் பாக்க போயிருக்கார், அவர் வந்து சொன்னதும் வால்வைத் திறப்பேன்.